நூறு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது

கட்டட வேலையில் இருந்தவர்கள் அவளை 'மேல்வீட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சைட்டில் எல்லாரையும்விட உயரத்தில், டவர் கிரேனின் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவள் என்பதால் வந்த பெயர். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. கம்பிக் கட்டோ, கான்கிரீட் தொட்டியோ, ஜன்னல் கண்ணாடியோ, எதைக் கொக்கியில் மாட்டினாலும் கீழே காட்டிய இடத்தில், தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல் கிடத்திவிடுவாள்.

நாற்பத்தாறாவது வயதில் அந்த மேல்வீட்டைவிட்டு அவளை இறக்கிவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனைதான். ஆனால் அந்த வருஷம்தான் முதன்முதலாக எடையும் பார்த்தார்கள். தகரக் கூரை போட்ட சைட் ஆபீஸில் பாதுகாப்பு அதிகாரி எடை மெஷினோடு உட்கார்ந்திருந்தார். ஷூ, ஹெல்மெட், இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கி எல்லாவற்றோடும் ஏறி நின்றாள். நூற்றுப் பதினான்கு.

அதிகாரி இரண்டாம் முறை ஏறச் சொன்னார். மெஷின் மனசு மாறவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஏணியில ஏறும்போது மாட்டுற பாதுகாப்பு பெல்ட் நூறு கிலோவுக்குத்தான். அதுலயே எழுதியிருக்கு, பாருங்க."

"பத்தொன்பது வருஷமா ஏறுறேன் சார். ஒரு தடவைகூட வழுக்குனதில்ல."

"வழுக்காத வரைக்கும் பெல்ட்டே வேண்டாம்க்கா. வழுக்குற அன்னைக்குத்தானே அது வேணும்."

அவர் சொன்னது சரி என்பதுதான் அதிகமாகச் சுட்டது.

அந்த எடை ஒரே நாளில் வந்ததல்ல. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். நடுவில் இறங்கினால் கீழே முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் ஒரு பை நிறைய பிஸ்கட், வறுத்த கடலை, சர்க்கரையை அள்ளிப் போட்ட ஒரு ஃபிளாஸ்க் டீ எல்லாம் கூடவே மேலே போகும். ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவில் கை தானாகப் பைக்குள் நுழையும். வீட்டுக்கு வந்தால், அச்சகத்தில் வேலை முடித்து அவளுக்கு முன்பே வந்துவிடும் கணவர் ஆசை ஆசையாகச் சமைத்து வைத்திருப்பார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கிலோ, சுவரில் ஈரம் ஏறுவதுபோல் சத்தமில்லாமல் ஏறிவிட்டது.

அவளுக்கு ஸ்டோர் கேட்டில் வேலை கொடுத்தார்கள். லாரி வந்தால் கதவைத் திறப்பது, போனால் மூடுவது. மேலே புதிதாக வந்தவன் கம்பிக் கட்டை ஊஞ்சல் ஆட்டுவதைக் கீழிருந்து பார்க்கும்போது வயிறு எரியும். பார்க்காமலிருக்கவும் முடியாது. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ரோஷத்தில் முதலில் பட்டினி கிடந்தாள். காலையில் வெள்ளரிக்காய், மதியம் சூப், ராத்திரிக்குத் தண்ணீர். மூன்று வாரத்தில் ஆறு கிலோ குறைந்தது. கூடவே பொறுமையும் குறைந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் சத்தமாக நடந்தாலும் குற்றம், மெதுவாக நடந்தாலும் குற்றம். "அம்மா, நீ ஒரு ரொட்டித் துண்டாவது சாப்பிடு. இல்லன்னா எங்களைச் சாப்பிட்டுடுவ போலிருக்கு" என்றாள் மகள். நான்காம் வாரம் அக்கா வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனவள், முக்கால் கேக்கைத் தனி ஆளாக முடித்தாள். அடுத்த மாதம் மெஷின் நூற்றுப் பதினாறு காட்டியது.

அன்றைக்கு அவள் அழுதாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ரத்த அழுத்தம் பார்க்கப் போன சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் அதிகம் பேசாதவர். பட்டினிக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அறுபது வயசுலயும் இதே மாதிரி வெள்ளரிக்காயத் தின்னுட்டு இருப்பீங்களா?"

"முடியுமா அது?"

"அப்ப இன்னைக்கும் வேண்டாம். அறுபது வயசுலயும் செய்ய முடியுறதா பாத்து ஒண்ணே ஒண்ணு மட்டும் ஆரம்பிங்க. அது பழகுன பிறகு அடுத்தது."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். கொக்கியில் பாரம் தொங்கும்போது வெடுக்கென்று இழுத்தால் அது ஆடிப் போய்ச் சுவரில் மோதும் என்பது அவளுக்குத் தெரியாததா? இரும்புக்குக் காட்டிய நிதானத்தை ஒருநாளும் தன் உடம்புக்குக் காட்டியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் டீ. மூன்று கரண்டிச் சர்க்கரையை இரண்டரை ஆக்கினாள், பிறகு இரண்டு. சர்க்கரையே இல்லாத டீ நாக்குக்குப் பழகப் பத்து வாரம் பிடித்தது. அடுத்தது, கேட்டுக்கும் கூடவே வந்துகொண்டிருந்த பிஸ்கட் பை. அதை ஒழிக்காமல், அவித்த முட்டையும் ஒரு பழமும் வைக்கும் சின்ன டப்பாவாக மாற்றிக்கொண்டாள். அதற்கடுத்து பஸ். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடை பார்த்துக் காலண்டரில் பென்சிலால் குறித்தாள்.

வீட்டில்தான் சிக்கல். ஒருநாள் அவள் சின்னத் தட்டை எடுத்து வைக்க, கணவரின் முகம் வாடிப்போனது.

"என் சமையல் சலிச்சுப் போச்சா?"

"ஐயோ, அது நல்லா இருக்குறதுதாங்க பிரச்சினையே. நீங்க பாட்டுக்குப் பேசிட்டே கரண்டி கரண்டியா வைக்கிறீங்க, நானும் கேட்டுட்டே சாப்பிட்டுடறேன்."

"அப்ப என்னைப் பேசாம இருக்கச் சொல்றியா?"

"பேச்ச எவ்வளவு வேணாலும் பரிமாறுங்க. கரண்டி மட்டும் அடுப்படியிலேயே இருக்கட்டும்."

அவர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மார்க்கெட்டிலிருந்து பை நிறையக் காய்களோடு வந்து இறங்கினார். எண்ணெய் குறைவாக ஊற்றியும் ருசியாகச் சமைத்துக் காட்டுகிறேன் என்று வீம்பு. முதல் வாரம் எல்லாம் சவசவ என்றிருந்தது. மகள் உப்பு டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். போகப் போக அவருக்குக் கை வந்துவிட்டது.

சைட்டில் மதிய இடைவேளையில் அவள் படி ஏற ஆரம்பித்தாள். அப்போது கட்டடம் நான்கு மாடிதான் எழுந்திருந்தது. நான்கு மாடி ஏறியதற்கே நாக்கு தள்ளி, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு மாடி வளர்ந்தது. கட்டடம் வளர வளர அவள் ஏறும் படியும் வளர்ந்தது. பதினோராவது மாடியில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் அவள் தலை தெரிந்தாலே, "மேல்வீட்டக்கா வந்தாச்சு, சோத்துக்கு நேரமாச்சு" என்று கையைக் கழுவப் போவார்கள்.

ஒரு வருஷம் ஆகும்போது எல்லாவற்றோடும் சேர்த்து நூற்று ஒன்று. அங்கே வந்து நின்ற மெஷின் முள், அசையவே மாட்டேன் என்றது. ஒன்பது வாரம். காலண்டரில் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே எண்.

அந்தச் சமயம் பார்த்து மேலே இருந்த புது ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான். மேஸ்திரி ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்கு வந்தார்.

"அக்கா, ஏறிடுங்க. ஒரு கிலோதானே. ஷூவைக் கழட்டி வெச்சிட்டு மெஷின்ல நில்லுங்க, சரியாப் போயிடும். அதிகாரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். அண்ணாந்து கேபினைப் பார்த்தாள்.

"வெறுங்காலோடயா ஏணி ஏறப்போறேன்? பெல்ட்டுக்கு என் ஷூவும் கனம்தான் மேஸ்திரி. எண்ணு வரட்டும், நானே வந்து ஏறுறேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார். அவள் லாரிக்குக் கதவைத் திறந்துவிட்டாள். தன்மேல் இவ்வளவு மரியாதை அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பத்தாவது வாரமும் அதே எண். அவள் எதையும் கூட்டவுமில்லை, விடவுமில்லை. வழக்கம்போல் டீ, டப்பா, நடை, படி. பதினொன்றாவது வாரம் நூறு. பிறகு, அடைத்த குழாய் திறந்துகொண்டதுபோல் இறங்கியது. இரண்டு மாதம் கழித்து வந்த அடுத்த பரிசோதனையில் அதிகாரி முன்னால் ஷூ, ஹெல்மெட், வாக்கி டாக்கியோடு நின்றாள். தொண்ணூற்றாறு.

அதிகாரி எழுந்து போய்ப் பெல்ட்டை எடுத்து வந்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

ஏணியின் முதல் பத்துப் படியில் பயம் இருந்தது. பிறகு உடம்பு தானாக ஏறியது. முன்பெல்லாம் ஏணிக்கு நடுநடுவே இளைப்பாற வைத்திருக்கும் ஒவ்வொரு தட்டிலும் நின்று இரைக்க இரைக்க மூச்சு வாங்குவாள். இப்போது மூன்று தட்டுக்கு ஒருமுறை நின்றால் போதுமாக இருந்தது. கேபின் கதவைத் திறந்து உட்கார்ந்தபோது நாற்காலியில் இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேல்வீட்டக்கா, குடி வந்தாச்சா?" கீழிருந்து சிக்னல் கொடுப்பவரின் குரல்.

"வந்தாச்சு. வேலையப் பாருங்க" என்றாள். குரல் உடைந்தது கீழே கேட்டிருக்கும். யாரும் கேலி செய்யவில்லை.

குறைந்தது பெரிதில்லை, குறைந்தது குறைந்தபடி நிற்க வேண்டுமே என்று ஊரே சொன்னது. அதிகம் சொன்னது அவளுடைய அக்கா. "எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ரெண்டே வருஷம், வட்டியோட திரும்பி வந்துடும்."

மூன்றாம் வருஷம் அக்கா வாக்கு பலித்துவிடும் போலிருந்தது. வீட்டு வாசல் படியில் கால் பிசகி, கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது. ஏழு வாரம் கட்டிலே கதி. பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. அதற்குள் எண்பத்துமூன்றுக்கு இறங்கியிருந்த எடை, கட்டுப் பிரித்த அன்று எண்பத்தொன்பது ஆகியிருந்தது. எல்லாம் போச்சு என்று பழைய குரல் உள்ளே எழுந்தது. எழுந்த உடனே கேக் ஞாபகமும் வந்தது.

"ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடலாமான்னு பாக்கறேன்" என்றாள் கணவரிடம்.

"நிறுத்தினா நான் யாருக்குச் சமைக்கிறது? சும்மா இரு. நாளைக்குத் தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வருவோம். எனக்கும்தான் தொப்பை விழுது."

மறுநாள் தெருக்கோடி. அடுத்த வாரம் பூங்கா. ஏறிய ஆறு கிலோ இறங்க ஆறு மாதம் ஆயிற்று. அவளுக்கு அவசரமில்லை. கணவருக்கும் நான்கு கிலோ குறைந்தது. அதைத் தன் சமையலின் பெருமையாக அச்சகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவள் எண்பத்திரண்டு கிலோ. ஒல்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான்கு வருஷமாக அந்த எண் இரண்டு கிலோ அப்படி, இரண்டு கிலோ இப்படி என்பதைத் தாண்டவில்லை, கணுக்கால் அடிபட்ட அந்த ஒரு தடவையைத் தவிர. ஒருநாள் அக்கா அவளைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போய், "என்கிட்ட மட்டும் சொல்லு, என்ன பவுடர் குடிக்கிற?" என்று கேட்டாள். டீயில் தொடங்கிப் படி ஏறியதுவரை விவரமாகச் சொன்னாள். அக்கா நம்பவேயில்லை. சொல்ல இஷ்டமில்லாமல் மழுப்புகிறாள் என்று ஒரு வாரம் பேசாமலிருந்தாள்.

அந்த வருஷம்தான் கம்பெனி நகரத்திலேயே உயரமான ஆஸ்பத்திரிக் கட்டடத்தை எடுத்தது. கேபின் எழுபது மீட்டரில். மூன்று ஆபரேட்டர்களை ஏறிக் காட்டச் சொன்னார்கள். மற்ற இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளைவிட வேகமாக ஏறிய ஒருவன் பாதியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். மற்றவன் மேலே போய்ச் சேர்ந்தான், ஆனால் கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் பிடித்தது. அவள் நிதானமாக, பாதியில் நின்று இரண்டு வாய் தண்ணீர் குடித்து, ஏறி உட்கார்ந்தவுடன் கொக்கியை இறக்கத் தயார் என்றாள்.

இன்ஜினியர் கீழிருந்து கேட்டார்: "கொஞ்ச நேரம் இளைப்பாறிட்டுத் தொடங்கலாமே அக்கா?"

"தேவையில்ல சார். லோடு கட்டியாச்சுன்னா சொல்லுங்க."

நான்கு டன் இரும்பு உத்தரம் தரையை விட்டு எழுந்தது. காற்று இருந்தும் அது ஒரு விரற்கடைகூட ஆடவில்லை. கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபடியே நின்றார்கள். அவள் அதை இரண்டு தூண்களுக்கு நடுவில் கொண்டுபோய், போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரும்படி வைத்துவிட்டு, "அடுத்தது" என்றாள்.