மருந்து கொடுத்த நாளில் புது மேய்ச்சல்

என் அக்காவுக்குத் தெருவில் ‘பினாயில்’ என்று பட்டப்பெயர். அவளுடைய ஆட்டுக்கொட்டகைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். என் வீட்டுச் சமையலறையைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கே வாய் வராது. பிள்ளை குட்டி கிடையாது. அத்தான் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தச் செம்மறிக் கூட்டம் ஒன்றுதான். விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "வந்து என்னடி பண்ண? உன் மாமியார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்பாள். நியாயம்தான், நானே பார்ப்பதில்லை.

புழு மருந்து கொடுக்கும் நாளில் ஒரு ஆட்டைக்கூட விடமாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் வாயிலும் சிரிஞ்சை வைத்து ஊற்றுவாள். கடைசி ஆடு விழுங்கியதும் வேலிக்கதவைத் திறந்து, மேயவிடாமல் காத்து வைத்திருந்த புல்வெளிக்கு எல்லாவற்றையும் ஓட்டிவிடுவாள். வயிறும் சுத்தம், புல்லும் சுத்தம். ஆடுகளுக்கே அது பழகிவிட்டது. மருந்து தொண்டையில் இறங்கியதும் தானாகப் போய் அந்தக் கதவருகே நிற்கும்.

கால்நடை டாக்டரம்மா போன வருஷமே சொன்னார். "எல்லாத்துக்கும் குடுக்காதீங்கம்மா. திடமா இருக்கறதுல கொஞ்சத்த விட்டுடுங்க. மருந்து குடுத்த கையோட புது மேய்ச்சலுக்கும் ஓட்டாதீங்க."

அவர் தலை மறைந்ததும் அக்கா சிரித்தாள். "பாதி வீட்டப் பெருக்கிட்டு மீதியக் குப்பையாவே விடணுமாம். நல்லா படிச்சாங்க போ!"

இந்த மழைக்குப் பிறகு ஆடுகள் துவண்டன. தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கியது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு; ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. அக்கா மருந்து கொடுத்தாள், சாவு நிற்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்தாள்; அதற்கும் அசையவில்லை. டாக்டரம்மா புழுக்கையை எடுத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தார்.

"புழுமுட்டை கொஞ்சம்கூடக் குறையலம்மா. இந்தப் புழு மருந்துக்குச் சாகல. தன் உடம்புக்குள்ளயே மருந்துமேல ஒரு சர்க்கரைய ஒட்டி, விஷத்த முறிச்சு, வெளிய தள்ளிடுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆட்டு ரத்தத்தக் குடிச்சுட்டு அதுக்குச் சர்க்கரை வேறயா?"

அக்கா கேட்டது வேறு. "எல்லாப் புழுவுக்கும் இந்த வித்தை தெரியுமா டாக்டர்?"

"தெரியாது. தெரியாததெல்லாம் மருந்துல செத்துடும். தெரிஞ்ச கொஞ்சம்தான் தப்பிக்கும். பழைய புல்லுலயே விட்டிருந்தா, அங்க மருந்து படாம கிடக்கற மத்த புழுங்களோட கலந்து அதுங்க பவிசு அடங்கியிருக்கும்."

"நான் புதுசுக்கு ஓட்டிட்டேன்."

சுத்தமான புல்லில், போட்டிக்கு ஆளில்லாமல், பிழைத்த புழுக்கள் மட்டும் பெருகியிருக்கின்றன. வருஷா வருஷம் அவளே கதவைத் திறந்து குடிவைத்திருக்கிறாள். மருந்து கொடுக்கவே மறந்துபோகிற சோம்பேறிகளின் ஆடுகள் கொழுகொழுவென்று திரிகின்றன. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"இன்னும் ஒரு மருந்து இருக்கு. ரொம்ப நம்பிடாதீங்க," என்று ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மிஞ்சியிருந்தவற்றுக்கு அக்கா ஊற்றினாள். கடைசியாக, மடி கனத்த சினையாடு ஒன்று. தாயில்லாமல் அவளிடம் புட்டிப்பால் குடித்து வளர்ந்தது.

"இந்த மருந்துக்கும் கேக்கலன்னா?" என்றேன்.

"வாய மூடுடி."

ஆடுகள் வழக்கம்போல் கதவருகே போய் நின்றன. அக்காவும் பழக்கத்தில் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. புழு ஏறாமல் அவளிடம் மிஞ்சியிருந்த வெளி அது ஒன்றுதான். திறந்தால் மருந்துக்குச் சாகாத புழு அதிலும் குடியேறும். திறக்காவிட்டால் ஆடுகள் இந்தப் பக்கத்தில் புழு மண்டிய புல்லையே தின்றாக வேண்டும்.

"எங்கடி ஓட்டுவேன்?" என்று கேட்டாள்.

சினையாடு கதவில் நெற்றியை முட்டிக் கத்தியது. பிறகு முன்னங்கால் மடிந்து அங்கேயே படுத்தது. மற்றவை அதை நெருக்கிக்கொண்டு, கதவு திறக்குமென்று அக்காவையே பார்த்து நின்றன.