சுறாப்புட்டும் பால் டின்னும்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஐந்து பேர். உள் அறையில் அம்மா. அடுப்படியில் அத்தை, அதாவது அய்யாவின் அக்கா. அத்தை மடியில், பிறந்து ஆறு நாளான தம்பி. நடுவில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அய்யா. அவருக்குப் பின்னால் நான். வாசலுக்கு வெளியே, பஞ்சாயத்து ஆட்கள் குறுக்கே கட்டிய சவுக்குக் கம்புக்கு அந்தப் பக்கம் நின்ற நர்சம்மாவையும் சேர்த்தால் ஆறு.

கொரோனா நேரம். மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் எங்கள் ஊரில் முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது. எங்கள் நாலு பேருக்கும் இல்லை என்று முடிவு வந்தது. அம்மாவுக்கும் லேசான காய்ச்சல், இருமல்தான், வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள்.

சேதி தெரிந்ததும் அத்தை செய்த முதல் காரியம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனது. பதினாலு நாளைக்குத் தாய்ப்பால் கிடையாது. தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். சொன்னவரிடமே ஒரு பால் பவுடர் டின்னை வாங்கி, அய்யா பேரில் கடன் எழுதச் சொல்லிவிட்டு, வாசலில் கம்பு கட்டுவதற்குள் வந்துவிட்டாள்.

ஆனால் பதினாலு நாளில் பால் வற்றிவிட்டால்? அந்தக் கவலையும் அத்தைக்குத்தான். பக்கத்து வீட்டு மாமா கம்பில் மாட்டிவிட்டுப் போன பால்சுறாவை அவித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் கரையில் அதைத்தான் கொடுப்பார்கள். மூன்று வேளையும் அம்மாவின் கதவருகே தட்டை வைத்துவிட்டு விலகி நிற்பாள். ஒரு கையால் பாலை ஊற வைத்தாள், மறு கையால் அதை வேண்டாம் என்றாள். இரண்டும் ஒரே அன்பில் செய்ததுதான்.

மறுநாள் காலைக்குள் அம்மாவுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. தம்பியோ பாட்டில் ரப்பரைத் துப்பித் துப்பிக் கத்தினான். அவன் கத்தக் கத்த அம்மாவின் நைட்டி நனைந்தது.

"மதினி, பிள்ளையக் கொண்டாங்க."

"பெத்த வாரத்துலயே பறிகொடுக்கணுமா ஒனக்கு? அதான் டின்னு வாங்கியிருக்கேன்ல."

"டின்னா பெத்துச்சு? ஊறட்டும்னு சுறாவப் போட்டது நீங்க. ஊறுன பால எங்க கொண்டுபோயி ஊத்த, கடல்லயா?"

அய்யா "அக்கா..." என்று ஆரம்பித்தார்.

நான் அத்தை கட்சி. தம்பி செத்துப்போவான் என்று இரவெல்லாம் பயந்து, அம்மாவின் பழைய நைட்டித் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாஸ்க் தைத்து வைத்திருந்தேன். கொடுத்தே தீருவதென்றால் தம்பிக்கு அதையாவது போட்டுவிடலாம் என்பது என் யோசனை. அதைக் கம்புக்கு இந்தப் பக்கம் நின்று நர்சம்மாவிடம் காட்டினேன்.

"ஏ புள்ள, தூரப் போடு அத! பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டிரும். மாஸ்க்கு ஆத்தாளுக்கு, பிள்ளைக்கில்ல." பிறகு உள்ளே கேட்கும்படி கத்தினார். "பால்ல பரவாது. இருமல்ல, மூச்சுலதான் பரவும். மூக்குக்கு மேல மாஸ்க்கப் போடு, கைய சோப்புப் போட்டுக் கழுவு, பிள்ளைய எடு. சன்னலத் தொறந்து வையி. பாலக் கொடுத்துட்டுத் தள்ளிப் படுக்க வையி."

"ஒங்க பிள்ளைன்னா கொடுப்பீங்களா?" என்று அத்தை அங்கிருந்தே கேட்டாள்.

"என் பிள்ளைன்னா அந்த டின்னு இந்நேரம் கடல்ல மெதக்கும்."

அம்மா மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்து இறுக்கினாள். கொல்லைக் குழாயில் முழங்கைவரை கழுவினாள். ஈரக் கையை உதறிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நீட்டினாள்.

"கொடுங்க மதினி. இல்ல, இந்தக் கம்பத் தாண்டிப்போயி நடுத்தெருவுல நிண்டு இருமுவேன்."

அத்தை கொடுத்தாள். தம்பி வாய் வைத்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு உறிஞ்ச ஆரம்பித்தான். நானோ அம்மாவுக்குப் பிள்ளை மேல் பாசமே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, அவன் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அதன் பிறகும் நாள் தவறாமல் எண்ணினேன். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பதினாலு நாள் முடிவில் அம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து கிடந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். அந்த வீட்டில் என்னைவிட அதிகமாகப் பயந்தது யார் என்று அந்தக் கையைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

தம்பி இப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை, நண்டு உரிக்கும் கம்பெனியில் வேலை. அந்த டின்னில் அத்தை மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறாள். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் கடைக்காரர் பழைய பாக்கியை ஞாபகப்படுத்துவார். எல்லாக் கடனையும் கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடும் அம்மா, இதற்கு மட்டும் அசையமாட்டாள். "எம் பால ஒட்டுவாரொட்டின்னு சொல்லி வித்ததுக்கு நான் துட்டு வேற கொடுக்கணுமோ?" என்பாள். என் சம்பளத்தில் கொடுத்துவிடலாம். கடன் என்றாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. மாத்திரைக்கு மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறேன். பாக்கி முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.