குதிரைக்கு முப்பது உருண்டை

பிள்ளைகளே, நேற்று நீங்கள் இரண்டு பேரும் நாய்க்குட்டிக்கு மாற்றி மாற்றி வெல்லம் ஊட்டியதைப் பார்த்தேன். திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் நின்றுவிடும். அதனால் பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி போகிறவர்கள் என்னைப் பெற்ற அத்தாவின் குதிரை வண்டியைத்தான் தேடி வருவார்கள். வண்டியை இழுத்தது சிட்டு என்ற பெட்டைக் குதிரை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவளால்தான். அந்த வயதில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அவள் என் கூடப் பிறந்தவள் மாதிரி, அவ்வளவுதான்.

தினமும் வண்டியை அவிழ்த்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, மூச்சு அடங்கிய பிறகு அத்தா அவளுக்கு ஓர் உருண்டை கொடுப்பார். வேகவைத்து மசித்த கொள்ளு, கொஞ்சம் கேழ்வரகு மாவு, சுண்டைக்காய் அளவு வெல்லம், ஒரு கல் உப்பு. எலுமிச்சம்பழம் அளவில் ஒன்றே ஒன்று.

"இன்னொண்ணு குடுங்க அத்தா" என்று கெஞ்சுவேன்.

"இது தீனி இல்லடா, சந்தோசத்துக்குக் குடுக்கறது. சந்தோசத்துக்கு ஒண்ணு போதும்" என்பார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்வேன்.

நோன்பு மாதத்தில் அந்த உருண்டை, அத்தா நோன்பு திறந்த பிறகுதான் வரும். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் சிட்டு காதை நிமிர்த்திக் கனைப்பாள். அதைப் பார்த்து, அவளும் நோன்பு வைத்திருக்கிறாள் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்; விஷயமும் அதோடு முடிந்திருக்கும்.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்ததும் அத்தா தம் பெற்றோரை அடக்கம் செய்த இடத்துக்குப் போனார். நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். எனக்குப் புதுச்சட்டை, நெய்ச்சோறு, பாயசம். மாதம் முழுதும் நோன்பிருந்தவளுக்கு மட்டும் வெறும் புல்லா? நாளுக்கு ஒன்றாக முப்பது உருண்டை கொடுப்பதுதான் நியாயம் என்று பட்டது. வேகவைக்க நேரமில்லை. பச்சைக் கொள்ளை உரலில் அரைகுறையாக இடித்தேன். மாவையும், அம்மா பாயசத்துக்குப் போட்டு மிச்சம் வைத்திருந்த வெல்லத்தையும் சேர்த்துப் பிசைந்தேன். சிட்டு என் உள்ளங்கையிலிருந்து உதட்டாலேயே ஒவ்வொன்றாக எடுத்தாள். முப்பதாவதுக்கும் அதே ஆசையோடு உதட்டை நீட்டினாள். பிறகு தொட்டித் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முன்னங்காலால் தரையைத் தோண்ட ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்துப் புரளப் பார்த்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. நான் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அத்தா வந்தார். கூடவே, சிட்டுவுக்கு லாடம் அடிக்கிறவரும் வந்தார். வருஷா வருஷம் எங்கள் வீட்டுப் பெருநாள் சாப்பாட்டுக்கு வருகிறவர் அவர்.

"வவுத்து வலிதாங்க இது. என்ன தின்னா?" என்று அவர் கேட்டார்.

"காலையில இருந்து ஒண்ணுமே வெக்கலயேண்ணே. தொழுகைக்குப் போயிட்டேன். வெறும் வவுறு, அதான் இழுத்துப் புடிச்சிருக்கு" என்ற அத்தா, வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏ புள்ள, கொள்ளுக்கஞ்சி இருந்தா கொண்டா! ஒரு சட்டி ஊத்துனா சரியாயிடும்."

அம்மா கஞ்சியோடு ஓடி வந்தாள். அத்தா மூங்கில் குழாயில் கஞ்சியை மொண்டு சிட்டுவின் வாயைத் தூக்கிப் பிடித்தார். என் கையில் வெல்லம் இன்னும் பிசுபிசுத்தது. சொன்னால் அத்தா கொன்றுவிடுவார் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் அவள் செத்துவிடுவாள் என்றும் தோன்றியது.

"ஊத்தாதீங்க அத்தா! நான் உருண்டை குடுத்துட்டேன்."

"எத்தினி?"

"முப்பது."

"வேக வெச்சியா?"

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

"எனக்கு முன்னாடி இவளுக்கு விருந்து போட்டாச்சா?" என்றார் லாடக்காரர். சொன்ன அவரே சிரிக்கவில்லை. "கஞ்சியத் தூக்கி அப்பால வைங்க. கொள்ளு உள்ள ஊறி உப்பிக்கிட்டு இருக்கு. குதிரைக்கு வாந்தி வராதுடா தம்பி. போனது பின்னாலதான் வரணும். நடத்துங்க. படுக்க வுட்டுடாதீங்க, பொரண்டா கொடல் முறுக்கிக்கும்."

அத்தா என்னை ஒரு தடவை பார்த்தார். அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அத்தா முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். லாடக்காரர் பின்னால் ஒரு புளிய விளாருடன் நடந்தார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, திரும்ப இந்தக் கோடி. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேச்சைப் பாதியில் விழுங்கினார்கள். "நல்ல நாளும் அதுவுமா குதிரைய ஊர்கோலம் வுடுறாங்களாட்டம் இருக்குதே!" என்றாள் ஒருத்தி. இனிமேல் பாயசமே குடிக்க மாட்டேன் என்று அல்லாவிடம் சொன்னேன். அது போதுமோ போதாதோ என்று பயந்து, நெய்ச்சோற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

லாடக்காரர் அடிக்கடி அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லீங்க."

"பொழச்சுக்குவாளா அண்ணே?"

"நடங்க."

மதியத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஒரு வேளையும் விடாத அத்தா, அன்று கயிற்றை விடவில்லை. சிட்டுவின் தலை தொங்கிப்போயிருந்தது. இரண்டு தடவை முட்டி மடிந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தா தோளைக் கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தினார்.

வெயில் சாயத் தொடங்கியபோது, விலாவில் காதை வைத்த லாடக்காரர் கையை உயர்த்தினார். "நில்லுங்க. கொடகொடங்குது!"

சிட்டு வாலைத் தூக்கினாள். சாணம் சொத்சொத்தென்று விழுந்தது. இடிபடாத கொள்ளு அதில் முழுசு முழுசாகத் தெரிந்தது.

"போட்டுட்டா!" என்று கூவினார் லாடக்காரர். "இனி பயமில்லீங்க!"

அத்தா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சூட்டுச் சாணத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை முழுதும் சாணம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. குதிரைதான் பிழைத்துவிட்டதே, பிறகு எதற்கு இந்த அழுகை என்று யோசித்தேன். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது.

பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன்: "அழாதீங்க அத்தா. சட்டையத் தொவைச்சுடலாம்."