தீப்பெட்டி வேனுக்கு ஒரு கரி அடுப்பு

1. முதல் நாள் சட்டம்

வண்டிக்குள் தீ கூடாது என்பதுதான் வேலையில் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொன்ன முதல் சட்டம். வண்டி நிறையத் தீப்பெட்டி.

"வே மாடசாமி, பீடி குடிப்பீரா?"

"எப்பவாவது குடிப்பேன் மொதலாளி."

"இன்னையிலருந்து எப்பவும் குடிக்க மாட்டீரு. வண்டிக்குள்ள தீயும் கூடாது, தீ சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது."

'அப்பம் சரக்கு?' என்று வாய் வரை வந்தது. சேர்ந்த அன்றைக்கே கேட்கிற கேள்வி இல்லை என்று விழுங்கிவிட்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. கோவில்பட்டியில் ஒரு நடுத்தரத் தீப்பெட்டிக் கம்பெனியின் விளம்பர வேனுக்கு நான் டிரைவர். கூரையில் மைக்செட் குழாய், இரண்டு பக்கமும் லேபிள் படம், உள்ளே பாதி இடத்துக்குப் பண்டல்கள், மீதிப் பாதியில் இரண்டு பேர் படுக்கப் பலகை. லைன் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் போட்டுப் பெட்டிக்கடைகளுக்குச் சரக்கு இறக்குவோம். இப்போது பிள்ளைகள் வேன் எடுத்துக்கொண்டு போய், வழியில் சமைத்து, வண்டியிலேயே படுத்து வருவதை உல்லாசப் பயணம் என்கிறார்கள். நாங்கள் செய்ததும் அதேதான், எங்களுக்கு அதன் பெயர் டியூட்டி. அப்படிக் கிளம்பும் என் தங்கை மகன், சின்னதாக ஒரு கரி அடுப்பு வாங்கப் போவதாகவும் எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என்னோடு லைன் வந்தவர் சேல்ஸ்மேன் சுப்பையா. கம்பெனி தொடங்கிய காலத்து ஆள். கடைக்காரர்கள் லேபிள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "சுப்பையா தீப்பெட்டி எறக்கும்" என்பார்கள். ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன பட்டம் வேண்டும். ஆனால் ஊர் ஊராகப் பரோட்டாவும் சால்னாவும் தின்றதில் அவருக்கு வயிற்றுப்புண் வந்துவிட்டது. காரம் ஆகாது, நேரத்துக்குச் சூடாக, குழைவாகச் சாப்பிட வேண்டும், கடைச் சாப்பாட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: "லைன விட்டுரும் ஓய். பேக்கிங்ல உக்காரும். மத்தியானம் வீட்டுக்குப் போயி சூடா சாப்பிடலாம்."

சுப்பையாவின் முகம் சுண்டிப்போனது. "நாலு பேருகிட்ட பேசுனாத்தான் எனக்குச் சோறே எறங்கும் மொதலாளி. பேக்கிங்ல போயி லேபிளப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, புண்ணு ஆறும். நான் இருக்க மாட்டேன்."

முதலாளி வெகுநேரம் யோசித்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ் கூடாது, சிந்தினால் சரக்கு பாழ். விறகு கூடாது, பொறி பறக்கும். கரி அடுப்பு என்றால் சரி. அதையும் வண்டியை விட்டு இறக்கித்தான் பற்றவைக்க வேண்டும். மிஞ்சின நெருப்புக் கங்கை மண்ணில் புதைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தக் கடைசி விதி தீப்பெட்டித் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். தீக்குச்சி மருந்துக் கழிவோ, கங்கோ, எதுவானாலும் குழி தோண்டிப் புதை. மண்ணை நம்பு.

2. ஆகாத அடுப்புகள்

முதலில் வாங்கியது வாளி அடுப்பு. பழைய இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் சல்லடைத் தட்டு வைத்தது. வீட்டில் வைத்தால் தலைமுறைக்கும் உழைக்கும். எங்கள் ரோட்டில் முதல் லைனிலேயே களிமண் உதிர்ந்து வெறும் வாளியாகி நின்றது. ஒரு லாபம், தண்ணீர் இறைக்க வாளி கிடைத்தது.

அடுத்தது தகர அடுப்பு. இலேசானது, மூன்று கால். தகரம் மெலிதாக இருந்ததால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. எங்கள் பக்கத்து ஆனிக் காற்றில் கரி நிமிஷத்தில் சாம்பலாகும், கஞ்சி மட்டும் கொதிக்காது. ஒரு நாள் அதன் ஒரு கால் கரிசல் வெடிப்புக்குள் இறங்கி, கஞ்சி முழுவதும் பூமிக்குப் போய்விட்டது. சுப்பையா வெறும் வயிற்றோடு அன்று மூன்று ஊரில் மைக் பிடித்தார்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். புதியம்புத்தூரில் தையல் கடைகள் அதிகம். அங்கே ஒரு டெய்லரிடம் கரி போட்டுத் தேய்க்கும் பித்தளை இஸ்திரிப் பெட்டி சும்மா கிடந்தது. மூடி இருக்கிறது, கொக்கி இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, இதைவிடச் சின்ன அடுப்பு உண்டா என்று சுப்பையா அதைக் கேட்டு வாங்கிவந்துவிட்டார். மூடியைத் திறந்து மேலே கம்பி வலையைப் போட்டால் கத்தரிக்காய் அருமையாகச் சுட்டது. தோலை உரித்து மோரில் பிசைந்து சாப்பிட அவருக்கு ஏற்ற உணவு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கத்தரிக்காய்தான். கஞ்சிப் பானை அதன் மேல் உட்காராது. மூடினாலும் பக்கவாட்டு ஓட்டைகள் வழியே கங்கு கனன்றுகொண்டே இருக்கும்.

"சட்டையத் தேய்க்கிறத வச்சி வயித்தக் கழுவ முடியாது தம்பி" என்று அதைப் பலகைக்கு அடியில் போட்டுவிட்டார்.

கடைசியில் அகலமான ஒரு இரும்புச் சட்டியில் நிலைத்தோம். கனத்த அடி, ஆடாது. உள்ளே வளைந்த விளிம்பு, காற்றுக்குத் தடுப்பு. மேலே வலை, வலையில் ஒரு பக்கம் கஞ்சி, மறுபக்கம் கத்தரிக்காய், ஓரத்தில் எனக்குக் கருவாடு. உடங்கரி, அதாவது உடைமரத்துக் கரி, போட்டால் நின்று எரியும். சுப்பையாவுக்கு முகத்தில் தெளிவு வந்தது. அடுப்பைத் தேடுகிற வேலை முடிந்தது என்று நினைத்தோம். எரிவதை மட்டும்தான் பார்த்திருந்தோம்.

3. வெடிப்பு

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சித்திரை மாதம். சோளம் அறுத்துத் தட்டையைப் படப்பாக அடுக்கிவைத்திருந்த ஒரு புஞ்சை ஓரத்தில், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திச் சமைத்தோம். புஞ்சைக்காரர் வெங்கடசாமி என்று ஒரு சம்சாரி, எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம். கேட்டபோது, "தாராளமா ஆக்கித் தின்னுங்க, நெழலு என்ன தேயவா போவுது" என்றவர் அவர்தான்.

சாப்பிட்டு முடித்ததும் சுப்பையா விதிப்படி கங்கைப் புதைத்தார். தோண்ட வேண்டிய வேலைகூட இல்லை. சித்திரையில் கரிசல் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். சட்டியை ஒரு வெடிப்பில் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துவிட்டு வந்தார். ஊருக்குள் போய்ப் பாட்டுப் போட்டோம்.

வெடிப்பு குழி ஆகாது. குழிக்கு ஒரு வாய், வெடிப்பு பூமிக்குள் எங்கெங்கோ கிளை விட்டுப் போகும். அதற்குள் உதிர்ந்த தோகை, தூசி, செத்த வேர் எல்லாம் அடைந்திருக்கும். காற்றும் உள்ளே ஓடும். மேலே மூடிய கங்கு அடியில் ஊர்ந்து போய் வேறொரு வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது. முதலில் அறுத்த தாள் பற்றி, பிறகு படப்பு பற்றியது.

நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டு ஓடியபோது ஊரே படப்பைப் பிரித்து இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது, வேப்பங்குழையால் அடித்தார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது. ஐப்பசி மழை வரும்வரை அவருடைய இரண்டு மாட்டுக்கும் அதுதான் தீனி.

வெங்கடசாமி சத்தம் போடவில்லை. வேன் பக்கத்து லேபிள் படத்தைப் பார்த்தார், சுப்பையாவைப் பார்த்தார்.

"நெருப்பு விக்க வாரீங்க. அத அணைக்கத் தெரியாதா அண்ணாச்சி ஒங்களுக்கு?"

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி மறுநாளே ஒரு லாரி நிறையச் சோளத்தட்டை வாங்கி அனுப்பிவிட்டார், அதில் அவர் பெரிய மனிதர். மாடு பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் எங்கள் பெட்டியை யாரும் தொடவில்லை. முதலாளி சுப்பையாவைக் கூப்பிட்டு, "அடுப்பும் வேண்டாம், லைனும் வேண்டாம்" என்றார்.

சுப்பையா அசையாமல் நின்றார். "இன்னும் ஒரே ஒரு அடுப்பு மொதலாளி."

"என்கிட்ட கேட்டு என்ன செய்ய? படப்பு எனக்கா எரிஞ்சிது? அந்த சம்சாரி வாயால சரின்னு வரட்டும், நீரு லைன் போவும். வரலைன்னா பேக்கிங்."

4. பட்டறையில்

கோவில்பட்டியில் வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் சாக்பீஸால் தரையில் படம் போட்டுக்கொண்டே, "எம்புட்டு நேரம் நின்னு எரியணும்?" என்று கேட்டார்.

"எரியுறது கெடக்கட்டும் ஓய். எம்புட்டு நேரத்துல அணையும்? அதச் சொல்லும்" என்றார் சுப்பையா.

பட்டறைக்காரர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அடுப்பு வாங்க வந்தவன் எவனும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டு நாள் பேச்சும் வேலையுமாக ஒரு பெட்டி உருவானது. பிரயாண டிரங்குப் பெட்டியில் பாதி அளவு. கனத்த தகடு, இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவில் சலித்த சாம்பல், அதனால் வெளிப்புறம் சுடாது. மூடியும் அப்படியே. மூடி உட்காரும் விளிம்பில், மில் பாய்லர் கதவுக்கு வைக்கும், தீப்பிடிக்காத கயிற்றைச் சுற்றினார். காற்றுக்கு ஒரே ஒரு வாய், அதற்கு இழுத்து மூடும் தகடு. கால்களுக்குப் பதிலாக அடியில் பட்டைத் தகடு, வெடிப்பு இருந்தாலும் பாலம் போல நிற்கும். மூடியை இறுக்கக் கொக்கி வேண்டும் என்றபோது சுப்பையா வண்டிக்குப் போய் அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் மூடியில் இருந்த சேவல் உருவம் வைத்த பித்தளைக் கொக்கியைக் கழற்றி இதில் பொருத்தினோம். கரி உள்ளேயே மூச்சு முட்டி அணையும். அணைந்த கரியை மறுநாள் மறுபடி பற்றவைக்கலாம். கவிழ்க்கவோ புதைக்கவோ எதுவும் இல்லை.

5. சோளத்தோகை

அதே புஞ்சை, அதே வேப்பமரம். வெங்கடசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாங்க என்று சொல்லவில்லை. சுப்பையா அடுப்பை இறக்கி, ஒரு பெரிய வெடிப்பின் குறுக்கே வைத்துப் பற்றவைத்தார். கஞ்சி கொதித்து இறங்கியது. மூடியைப் போட்டுச் சேவலைத் திருப்பினார், காற்று வாயை அடைத்தார்.

"இவ்வளவுதான் அண்ணாச்சி. பொதைக்க ஒண்ணுமில்ல."

வெங்கடசாமி போய், படப்பிலிருந்து ஒரு பிடி காய்ந்த சோளத்தோகையை உருவி வந்தார். எங்கள் பக்கத்தில் அதைவிடச் சீக்கிரம் பற்றுகிற பொருள் கிடையாது. அதைக் கொண்டுவந்து மூடியின் மேல் பரப்பிவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். மென்று துப்பினார். மறுபடி ஒரு தடவை போட்டார்.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய மனிதர் அதைத் தொடாமல் அந்தத் தோகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அன்று பசி தெரியவில்லை. பதினான்கு லைன் சேர்ந்து போன மனிதரை ஒரு பிடி தோகை முடிவு செய்யப்போகிறது என்பது பயமாகத்தான் இருந்தது.

வெங்கடசாமி எழுந்து தோகையை அள்ளினார். மோந்து பார்த்தார். கையைத் தகட்டில் வைத்துப் பார்த்தார், எடுக்கவில்லை. பிறகு அந்தத் தோகையை மாட்டுக்கு நீட்டினார். மாடு தின்றது.

"கஞ்சி ஆறிருச்சே" என்றார் சுப்பையாவிடம். "சூடு பண்ணிக் குடிங்க. பெறகு ஊருக்குள்ள வாங்க, கடைக்காரன்கிட்ட நான் சொல்லுதேன்."

சுப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றார். மூடிய அடுப்பில் புகை ஏது. ஓய்வு பெறும் வரை அவர் லைனில்தான் இருந்தார், பேக்கிங் பக்கம் போகவே இல்லை.

தங்கை மகனுக்குச் சொன்னது இவ்வளவுதான். கடையில் எல்லா அடுப்பையும் எரித்துக் காட்டுவார்கள். நீ அணைத்துக் காட்டச் சொல். அணைத்த பிறகு அதன் மேல் ஒரு பிடி தோகையை வைத்துப் பார். அதை மாடு தின்னும்படி இருந்தால் வாங்கு.