ஒற்றை ஆளும் இரட்டைப்பிடி ரம்பமும்

“எதிரி தெய்வசிகாமணி, வயது நாற்பத்து நான்கு, முரட்டு சுபாவமும் கலகம் விளைவிக்கும் எண்ணமும் உடையவர். கச்சிராயபாளையம் சாலையோரம் நின்றிருந்த, அரசுக்குச் சொந்தமான புளியமரத்தைத் தான் ஒருவராகவே ரம்பத்தால் அறுத்துச் சாலையின் குறுக்கே சாய்த்து, பொதுப் போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தார்.”

1987 செப்டம்பரில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையின் வாசகம் இது. பெயர் சரி, வயது சரி, புளியமரம் இருந்ததும் சரி.

தெய்வசிகாமணிக்கு மூச்சிழுப்பு நோய். மழைக்காலத்தில் ஒரு பலகையை இழைத்து முடிப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுவார். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் எதிர்வரிசையில் போலீஸ்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தால், இவர் இந்த வரிசையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால் காலுக்குக் காற்று வேண்டும் என்பார். முரட்டு சுபாவம் என்ற சொல்லை அவர் மனைவி குஞ்சம்மாளிடம் படித்துக் காட்டியபோது, வேறு யாருடைய காகிதமோ மாறி வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

தொழில் தச்சு. தியாகதுருகத்தில் ஒரு கடைக்குக் கட்டிலும் பெஞ்சும் செய்துகொண்டிருந்தவர். அவர் செய்த பெஞ்சுகள் ஆடும். தரை சரியில்லை என்று சொல்லிவிடுவார். தியாகதுருகத்தில் அத்தனை வீட்டுத் தரையும் சரியில்லாமல் இருக்க முடியாது என்று கடைக்காரர் முடிவுக்கு வந்த அதே மாதத்தில், கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்றுக்கு, மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில், தச்சுப் பயிற்றுநர் தேவைப்பட்டார். இப்படியாக, பெஞ்சு ஆடியதால் வேலை போனவர் பெஞ்சு செய்யக் கற்றுக்கொடுப்பவரானார்.

திட்டத்தின்படி பயிலும் இளைஞருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கோப்பில் எல்லாருக்கும் பதினெட்டுதான். பயிற்சிக் கொட்டகையில் பாதிப்பேருக்கு மீசை அரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த பையன் யார் வந்து நின்றாலும், பதினெட்டு என்று எழுதிச் சேர்த்துக்கொள்வார். தொழிலில் சுமாரான அந்த மனிதருக்கு, வந்த பையனைத் திருப்பி அனுப்ப மட்டும் சுத்தமாகத் தெரியவில்லை.

அந்த வருஷத்துப் பையன்களில் இரண்டு பேர் இந்தக் கதைக்கு வேண்டும். ஒருவன் வெற்றிவேல், பக்கத்து ஊர்க் கூலிக்காரர் மகன். தேர்வில் தேறினால் விழுப்புரத்துப் பஸ் டிப்போ பட்டறையில் அப்ரண்டீசாகச் சேர வழி இருந்தது. இன்னொருவன் சின்னக்கண்ணு, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். அவன் தேறாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது: குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி அவன் அப்பாவிடம் இரண்டு முறை பேசிவிட்டுப் போயிருந்தார்.

தேர்வு செப்டம்பர் கடைசியில் என்று குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் மறியல் வந்தது.

தெய்வசிகாமணியின் சாதிச் சங்கம் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை அடைத்த மறியல் அது. தென்னாற்காடு முழுவதும் சாலையோர மரங்கள் சாலையில் கிடந்தன. கோரிக்கையில் தெய்வசிகாமணிக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஊர்வலத்தில் போய் இழுப்பு வருகிற வரையில் கோஷமும் போட்டுவிட்டு வந்தார். ஆனால் குஞ்சம்மாளின் தம்பி தங்கதுரை நாலு பேரோடு வந்து, கொட்டகையிலிருந்த பெரிய ரம்பத்தைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். இரண்டு பக்கமும் பிடி வைத்து, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற ரம்பம். திட்டத்தில் வாங்கிக் கொடுத்தது.

“அது கவுருமெண்ட்டு ரம்பம் மாப்ள. ஸ்டாக்குல ஏத்திக்கீறாங்க.”

“இட ஒதுக்கீடும் கவுருமெண்ட்டு குடுக்கறதுதான மாமா. அத்த வாங்கறதுக்கு கவுருமெண்ட்டு ரம்பத்த குடுத்தா இன்னா?”

அவர் ரம்பத்தைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளி, கட்டில்மேல் படுத்துக்கொண்டார். அவர்கள் கோடாரியால் அந்தப் புளியமரத்தைச் சாய்த்தார்கள். வெயில் ஏறுகிறவரை ஆயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் பெயர் ஒரு தடவை சொல்லப்பட்டதாகக் கேள்வி. துரோகி என்ற பட்டம் அன்று சாயங்காலமே தெருமுனை வரைக்கும் போய்விட்டது.

மறியல் முடிந்தது. பெரிய சாலைகளில் கிடந்த மரங்களை எடுத்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் சாலைக்கு யாரும் வரவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ், இந்தப் பக்கம் ஒரு பஸ். ஜனங்கள் நடுவில் ஏறித் தாண்டினார்கள். அடிமரத்தின்மேல் கூடையை வைத்து ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு விற்றாள். தங்கதுரையும் தெருவில் பாதி ஆண்களும் போலீசுக்குப் பயந்து கரும்புக்காட்டில் இருந்தார்கள்.

தேர்வு நடத்தக் கடலூரிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் கள்ளக்குறிச்சியில் தங்கியிருந்தார். மறுநாள் காலை வருவதாகவும், வழி இல்லையென்றால் அப்படியே கடலூருக்குத் திரும்பிவிடுவதாகவும், தேர்வு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளப்படும் என்றும் சொல்லியனுப்பினார். ஊரெல்லாம் தாண்டுகிற மரத்தை அவரும் தாண்டலாம். ஆனால் ஜீப் போகாத இடத்துக்கு அவர் போவதில்லை. விதி எதுவும் அப்படிச் சொல்லவில்லை. அவர் வழக்கம் அது.

அடுத்த வருஷம் என்றால் சின்னக்கண்ணு குடகில் இருப்பான். அது எல்லாருக்கும் தெரியும். காலையில் தெய்வசிகாமணி கட்டிலுக்கடியிலிருந்து ரம்பத்தை இழுத்தார். சாலையை அடைக்கக் கொடுக்காத அரசாங்கச் சொத்தைச் சாலையைத் திறக்க எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு போனார்.

பையன்கள் ஆளுக்கொரு பிடியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து, மூச்சு விட்டுக்கொண்டு, கோணல் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோணலாகத்தான் அறுபட்டது. ஜீப் போகிற அகலத்துக்கு இரண்டு இடத்தில் துண்டித்து, நடுத்துண்டை மூவருமாகக் கடப்பாரையால் நெம்பி ஓரத்துக்கு உருட்டினார்கள். பிறகு, அரசாங்க ரம்பத்தைச் சின்னப் பையன்கள் தூக்கக்கூடாது என்று அவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. தேர்வாளருடைய ஜீப் அல்ல.

சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டும் இறங்கினார்கள். வெட்டப்பட்ட மரம், பக்கத்தில் ரம்பத்தோடு ஓர் ஆள். வழி விடுகிறோம் என்று தெய்வசிகாமணி சொன்னார். இந்த வாரம் பிடிபட்ட எல்லாருமே மரத்தை அகற்றிக்கொண்டிருந்தவர்கள்தானாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் சொன்னார். பிறகு பையன்களைக் காட்டி, மூன்று பேர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கேஸில் பெயர் ஏறிய பையனுக்கு டிப்போவில் வேலை கிடையாது. சேர்ப்பதற்கு முன்னால் போலீசில் விசாரிப்பார்கள். இது தெய்வசிகாமணிக்குத் தெரியும். செருப்பு அப்போதே கையில் இருந்தது.

“பசங்க வேடிக்க பாக்க வந்தவங்க சார். வெட்னது நாந்தான்.”

சப்-இன்ஸ்பெக்டர் ரம்பத்தைப் பார்த்தார். “அந்தாண்டப் புடிய யாரு புடிச்சது?”

“நாந்தான் சார்.”

“இந்தாண்ட?”

“அதுவும் நாந்தான் சார்.”

சின்னக்கண்ணு, நாங்களும்தான் என்று ஆரம்பித்தான். தெய்வசிகாமணி அவன் பக்கம் திரும்பினார்.

“டேய், வேடிக்க பாத்தது போதும். வூட்டுக்குப் போ.”

கொட்டகையில் யாரிடமும் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. பையன்கள் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சந்தேகம் இருந்தது.

“ஒத்துக்கினா எழுதிக்கலாங்க சார்,” என்றார் ஏட்டு. “மத்தியானத்துக்குள்ள இன்னும் மூணு மரம் பாக்கணும்.”

எழுதிக்கொண்டார்கள். மரம் கோடாரியால் வெட்டப்பட்டிருந்தது. கையில் கிடைத்தது ரம்பம் என்பதால் அறிக்கையில் ரம்பமே வெட்டியது. ரம்பத்தையும் அவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவர் திறந்த வழியில் கொஞ்ச நேரத்தில் தேர்வாளர் வந்தார். தேர்வுக்கு ஸ்டூல். வெற்றிவேலின் ஸ்டூல் ஆடியது. தேர்வாளர் ஒரு காகிதத்தை மடித்து ஒரு காலுக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, தேறினான் என்று எழுதினார். பயிற்றுநர் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வரவில்லை, பொறுப்பற்றவர் என்றும் எழுதினார். அதன்பேரில் தெய்வசிகாமணியின் பயிற்றுநர் வேலை போயிற்று. ரம்பம் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் துருப்பிடித்தது.

வெற்றிவேலைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரர் வழக்கு எதுவுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவன் டிப்போவில் சேர்ந்தான். சின்னக்கண்ணுவும் தேறியிருந்தான், குடகுக்குப் போகவில்லை. வெள்ளிமலையில் அரசு கட்டிய வீடுகளுக்குக் கதவும் நிலையும் செய்யப் போனான். தெய்வசிகாமணி வாய்தாவுக்கு வாய்தா கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு ஆட்சி மாறியது, ஒதுக்கீடு வந்தது, அவர் மீதிருந்த வழக்கும் கைவிடப்பட்டது.

அதற்கும் பிறகு ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. சிறை சென்ற போராட்ட வீரர் என்று தங்கதுரையே மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தினான். கீழே இறங்கியதும், இது என்ன கூத்து மாப்பிள்ளை என்று இவர் கேட்டார்.

“ரெக்கார்டுல அப்படித்தான மாமா கீது,” என்றான் தங்கதுரை.

குஞ்சம்மாள் சால்வையை மடித்து வைத்தாள். “கேட்டன்னிக்கே ரம்பத்த குடுத்துத் தொலைச்சிருந்தா, இந்நேரம் நீ மாவட்டத் தலைவரு,” என்றாள்.

தெய்வசிகாமணி அந்த மரத்தை வெட்டவில்லை. வெட்டிக் கிடந்ததை இரண்டு பையன்களை வைத்து அறுத்து வழி விட்டார். பையன்களின் பெயரை எழுதப் போனபோது, வெட்டியது நான் என்று சொன்னார்.