நானோ தங்கத்துக்கு நான் சொன்ன சாட்சி

என் மனைவியின் வயிற்றுவலியை எட்டு மாதம் நாட்குறிப்பில் எழுதிவந்தேன். வலி வந்த நேரம், சாப்பிட்டது, எத்தனை தடவை கழிப்பறைக்குப் போனாள், எல்லாம். துறைமுகத்தில் சரக்குக்கான ஆவணங்களை எழுதுகிறவன் நான். எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை.

அந்த எட்டு மாதமும் அவள் குடித்தது ‘நானோ தங்கச் சொட்டு’. விற்றவர் எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். “தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிச்சிருக்கு. குடல்ல புண்ணு எங்கன இருந்தாலும் தேடிப்போய் ஆத்தும்” என்பார்.

மூன்றாம் வாரம் வலி சற்றுக் குறைந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார். “தம்பி நோட்டுல தும்முனதுக்கும் நேரம் இருக்கும். படிங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். படித்தேன்.

அடுத்த வாரமே வலி திரும்பியது. “நச்சு வெளியேறுது. நிறுத்திராதீங்க” என்றார். நிறுத்தவில்லை. எட்டாம் மாதம் சமையலறையில் மயங்கி விழுந்தாள்.

மருத்துவமனையில் மலத்தைச் சோதிக்கும் சின்னப் பட்டையில் ஐந்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். அந்த நிறம் எதனால் என்று கேட்டேன்.

“தங்கம். நானோ துகள். ரத்தத்தைப் பிடிக்கிற புரதத்தை அதுல ஒட்டியிருப்பாங்க.”

பெருங்குடலில் புற்றுக்கட்டி. வெட்டி எடுத்தார்கள். அதற்குள் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. நீங்கள் முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அவள் வீடு திரும்பியதும் ஆசிரியர் செய்தி அனுப்பினார், அவள் பிழைத்து வந்ததற்கு நான் சனிக்கிழமை சாட்சி சொல்ல வேண்டுமாம்.

“விட்டுருங்க. நாளைக்கும் அவரு மூஞ்சில முழிக்கணும்லா” என்றாள்.

“முழிக்கத்தான் போறேன்.”

கூட்டத்தில் எழுந்து, முதல் தடவை படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். வலி, நேரம், அன்று அவர் சொன்ன பதில். ஒரு வரியும் தாண்டவில்லை.

“போதும் தம்பி, உக்காருங்க.”

“இன்னும் பதினொரு பக்கம் இருக்கு சார்.”

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் நெளிவதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. மயக்கத்தையும் இளஞ்சிவப்புக் கோட்டையும் படித்து முடித்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். “அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு இன்னமும் அதைத்தான் குடிக்காரு. நீங்க அன்னைக்குப் படிச்சதைக் கேட்டுத்தான் வாங்கினோம்.”

திங்கட்கிழமை காலை அவர்கள் இருவரையும் அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அங்கே காத்திருந்த நேரத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். விற்றவர் என்று ஆசிரியர் பெயர். அதன் கீழே, விற்க உதவியவர் என்று என் பெயர். என் பெயரை விட்டால், சாட்சி சொன்னது நான்தானே என்று கைகாட்டி அந்த ஓட்டை வழியாக அவர் தப்பிவிடுவார்.