எபா முகமூடியைச் சுமந்த பகல்

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முகமூடிக்குள் இருந்தது என் தலை. நடந்ததும் பட்டப்பகலில்தான், ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது.

நைஜீரியாவில் எகிட்டிப் பக்கம் எங்கள் ஊரில் எபா என்கிற முகமூடித் திருவிழா. முகமூடியை ஒரே மரத்தில் குடைந்திருப்பார்கள். தலை முழுவதும் உள்ளே போய்விடும். உச்சியில் மண்டியிட்ட தாயின் சிலை. இரண்டு ஆள் தூக்கிவைக்க வேண்டிய கனம். அதைச் சுமந்து ஆடி, கடைசியில் மண்மேட்டின் மேல் ஒரே தாவாகத் தாவி நிற்க வேண்டும். அதுவரை கழற்றக் கூடாது. விழுந்தால் ஊருக்கே ஆகாது.

அந்த முறை ஆட்டக்காரன் நான். என் மனைவி மொரெனிகேக்கு முந்தின நாளே வலி எடுத்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள்.

முகமூடியை என் தலையில் இறக்கிய பிறகுதான் அண்ணன் போலாரின்வா ஓடிவந்தான். மரத்தின் வாய்த்துளைக்கு நேரே குனிந்தான்.

"தம்பி... பிள்ளைக்குக் கால் முதல்ல வருதாம்டா. மருத்துவச்சி கையப் பிசையிறா."

"கழட்டுண்ணே. நான் போறேன்."

"போய் என்ன கிழிக்கப்போற? ஆடுடா. அவளுக்காக ஆடு!"

முரசு அதிர்ந்தது. ஆடினேன். துளை வழியே செம்மண்ணும் சனங்களின் கால்களும் மட்டும் தெரிந்தன. "தாயே, அவங்கள விட்டுடு... என்ன வேணா எடுத்துக்கோ" என்று மரத்துக்குள்ளேயே கதறினேன். கண்ணீர் வாய்க்குள் வழிந்தது. துடைக்கக்கூட முடியவில்லை.

அப்போதுதான்... கனம் குறைந்தது.

முதலில் கழுத்து லேசானது. பிறகு தோள். தலையில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. கையை உயர்த்தித் தொட்டேன். மரம் இருந்தது.

முரசுச் சத்தம் நின்றது. துளை வழியே பார்த்தேன். தரையில் வைத்த முரசின் தோலில் குச்சி விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம்தான் வரவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது. ஹ்ஹ்... ஹ்ஹ்...

என் மூச்சை அடக்கினேன்.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

அது நிற்கவில்லை.

பச்சை ரத்த வாடை அடித்தது.

கத்தினேன். குரல் வரவில்லை...

தொம்!

கனம் மொத்தமும் தலையில் விழுந்தது. முரசு காதைப் பிளந்தது. எதிரே மேடு. கண்ணை மூடிக்கொண்டு தாவினேன். நின்றேன்.

கழற்றியதும் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே குழந்தை அழுகிற சத்தம். மகள். மொரெனிகேயும் பிழைத்திருந்தாள்.

மருத்துவச்சி என்னைக் கண்டதும் முறைத்தாள். "மறுபடி எதுக்கு வந்த? ஆம்பள வர்ற இடமா இது?"

"இப்பத்தானே ஆத்தா வர்றேன்."

"யார்கிட்ட விளையாடுற? அந்த முகமூடியோட வந்து நின்னியே! நிலை இடிக்காமக் குனிஞ்சு வந்தியே! பிள்ளை பேச்சுமூச்சில்லாமக் கிடந்துச்சு. நீ வாயில ஊதின பிறகுதான் அழுதுச்சு."

என் பின்னால் வந்த போலாரின்வாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் மைதானத்தை விட்டு ஓரடிகூட நகரவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மொரெனிகே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அருகில் உட்கார்ந்தேன்.

"நீயும் பார்த்தியா?"

"ஊதறதுக்காக முகமூடியத் தூக்கினப்போ பார்த்தேன்."

"என்னத்த?"

"அது உங்க முகம் இல்ல."

"அப்ப யாரு?"

அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்ச முகந்தான். நீங்க தலையில சுமந்த தாயோட முகம். கேக்காதீங்க."